வீட்டுப் பெயர், கம்பெனிப் பெயர்

நாற்பத்து மூன்று வயதில், நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக ஓர் எட்டு வயதுப் பெண்பிள்ளையின் குரலில் பேசிக் காட்டியவன் நான். கம்பெனி கேண்டீனில், கையில் பாதி மெதுவடையோடு. குரல் அச்சாக வந்தது. வார்த்தைக்கு வார்த்தை அவள் மூக்கை உறிஞ்சுவதுகூட வந்தது. மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் அவளுடைய அப்பாவுக்கு வேலை போயிற்று.

இதைப் பல வருஷம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். காண்ட்ராக்டர் மோசம், கம்பெனி மோசம், காலம் மோசம். மூன்றும் உண்மைதான். நாலாவது ஆளை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அச்சில் ஊற்றி ஆறிய இரும்பில் பிசிறு நிறைய இருக்கும். அதை கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுக்கிற பிரிவுக்கு ஃபெட்லிங் என்று பெயர். தூசி, நெருப்புப் பொறி, காதைக் கிழிக்கும் சத்தம். அங்கே நிரந்தர ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது, எல்லாம் காண்ட்ராக்ட். அவர்கள் தேய்த்துக் கொடுப்பதைப் பார்த்து 'ஓகே' என்று சாக்பீஸால் கோடு போடுவது என் வேலை. ஷிப்ட் முடிந்ததும் அவர்களுடைய வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதும் என் வேலைதான். இந்தக் கையெழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சம்பளம் இல்லாத வேலை இன்னொன்று இருந்தது: சிரிக்க வைப்பது. ஆயுதபூஜை மேடையில் பெரிய மேனேஜரின் இருமலை இருமிக் காட்டியவன் நான்தான். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. அவருக்கு இருமல் நின்றுவிட்டது.

என் மனைவி, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கார் ஷெட்டில் டியூஷன் நடத்தினாள். எங்களிடம் கார் கிடையாது. ஷெட்டுக்கும் சேர்த்து வாடகை வாங்கிய வீட்டுக்காரரின் மேல் இருந்த கோபத்தில் ஆரம்பித்த டியூஷன் அது. பக்கத்து லைன் வீடுகளிலிருந்து பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். அந்த வருஷம் திருவள்ளூரில் அவள் தங்கைக்குப் பிரசவம். ஒரு மாதம் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று.

"சாயங்காலம் நீங்களே பாத்துக்குங்க. மூணாங்கிளாசுக்கு காமன் நவுன், ப்ராப்பர் நவுன் நடத்தணும். பசங்கள சிரிக்க வெச்சிக்கினே இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

எல்லாருக்கும் பொதுவான பெயர் காமன் நவுன். ஒருத்தருக்கு மட்டுமே உரிய பெயர் ப்ராப்பர் நவுன். ப்ராப்பர் நவுனின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். புத்தகத்தில் இவ்வளவுதான். நான் இதை ஃபெட்லிங் பாஷையில் நடத்தினேன்.

"காமன் நவுனு சும்மா தலையோட வரும். ப்ராப்பர் நவுனு ஹெல்மெட் போட்டுக்கினு வரும். ஹெல்மெட் இல்லாம வந்தா இன்னா பண்ணணும்?"

"கேட்டுக்கு வெளிய தொரத்தணும் சார்!"

கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள். சொல்லித்தர வேண்டியதே இல்லை.

"ஏரி?"

"காமன்!"

"சோழவரம் ஏரி?"

"ப்ராப்பர்! ஹெல்மெட்டு!"

"ஸ்டேஷன்?"

"காமன்!"

"செவ்வாப்பேட்டை ஸ்டேஷன்?"

"ஹெல்மெட்டு, ஹெல்மெட்டு!"

"செரி, நான்?"

ஒரு வால் பையன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நீங்க மிஸ் ஊட்டு சாரு. காமன்தான் சார். வேற யாரு மிஸ்ஸ கட்டிக்கினு இருந்தாலும் இதே பேருதான்."

அவனை அடிப்பதா, முத்தம் கொடுப்பதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவரவர் வீட்டில் யாருடைய பெயராவது எழுதியிருக்கிற பொருள் ஒன்றை மறுநாள் எடுத்துக்கொண்டு வர வேண்டும். ரொம்பப் பெரிய கல்வியாளன் மாதிரி எனக்கு நானே தெரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் ஷெட் பாத்திரக்கடை மாதிரி ஆகிவிட்டது. எவர்சில்வர் டம்ளர், குடம், காதுகுத்துக்கு யாரோ பெயர் வெட்டிக் கொடுத்த தாம்பாளம். ஒருத்தி அக்காவின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். வால் பையன் பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்தான், காலி பாக்கெட். "பேரு வெளியதான கீது சார், உள்ள இருந்தது காமன்" என்றான்.

அந்தப் பெண் கடைசியாக எழுந்தாள். மூன்றாம் வகுப்பு. வருஷம் முழுக்கச் சளி. ஞாயிற்றுக்கிழமைகூட இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவாள், அவ்வளவு பெருமை அவளுக்கு. அன்றைக்கு அதன் மேல் இன்னொரு அட்டையும் தொங்கியது. எங்கள் கம்பெனியின் மஞ்சள் பாஸ். நிரந்தர ஆளுக்குப் பச்சை, காண்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள். அவள் அப்பா எங்கள் ஃபெட்லிங்கில் மூன்று வருஷமாக இருப்பவர். வாரவிடுப்பு என்பதால் பாஸ் ஆணியில் தொங்கியிருக்கிறது.

"சார், இதுல எல்லா எழுத்துமே ஹெல்மெட் போட்டுக்கினு கீது சார்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஆபீசருங்க அடிச்சது இல்லியா, அதான் எல்லாமே பெரிய எழுத்து. படி பாக்கலாம்."

எழுத்துக் கூட்டிப் படித்தாள். வால் பையன் அவளுக்குப் பக்கத்து வீடு. "ஏய், அது உங்க நைனா பேரு இல்லியே!" என்றான்.

"தெரியும் போடா. இது கம்பெனிப் பேரு. ஊட்ல வேற பேரு. முன்ன ஒரு அண்ணன் வேலைல இருந்துதாம். அது ஊருக்குப் போய்ட்ச்சாம். அது பேர எங்க நைனாவுக்குக் குட்த்துட்டாங்க."

"அப்ப போட்டோ?"

"அதுவும் அந்த அண்ணன்து. மீச ஒரே மாரிதான கீது?"

வாங்கிப் பார்த்தேன். மூன்று வருஷத்து வெயிலிலும் உலைச் சூட்டிலும் போட்டோ வெளுத்துப்போய் மீசை மட்டும்தான் பாக்கி இருந்தது. தமிழ்நாட்டில் பாதிப்பேர் அந்த பாஸில் உள்ளே போகலாம்.

"பரவால்லியே, உங்க நைனாவுக்கு ரெண்டு ப்ராப்பர் நவுனு. எனக்கு ஒண்ணுகூட இல்லன்றான் இவன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் வீட்டுப் பெயரையும் சொன்னாள். மூன்று வருஷம் தினமும் பார்த்த மனுஷனின் சொந்தப் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாரையும் 'வாத்யாரே' என்று கூப்பிடுகிற வாய் என்னுடையது. அதற்குப் பெயரே தேவைப்பட்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாஸ் விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நடிக்க மாட்டேன். ஆள் மாற்றி பாஸ் ஓட்டுவது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். காண்ட்ராக்டரிடம் இருக்கிற ஓர் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டால், அவனுடைய பாஸைக் காண்ட்ராக்டர் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. புது ஆளை அதே பாஸில், அதே பெயரில் உள்ளே அனுப்பிவிடுவது. புதுப் பதிவு வேண்டாம், மெடிக்கல் வேண்டாம், ஃபாரம் வேண்டாம். அதைவிட முக்கியம், அந்த ஆள் அங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் காகிதத்தில் ஒரு நாள்கூட உழைத்திருக்க மாட்டான். நாளைக்கு 'நான் இங்கே வேலை பார்த்தேன்' என்று எந்த ஆபீஸிலும் போய் நிற்க முடியாது. பி.எஃப். இன்னொருத்தன் கணக்கில் ஏறும். ஈ.எஸ்.ஐ. அட்டையில் இன்னொருத்தன் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள்.

அதற்கு முந்தின வருஷம் இந்த மனுஷனின் ஷூ கிழிந்த இடத்தில் சூடான இரும்புத் துண்டு விழுந்து கால் பொத்துப்போனது. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் நொண்டி நொண்டி வந்தார். "இன்னா வாத்யாரே, ஊசின்னா அவ்ளோ பயமா?" என்று கேட்டுவிட்டு அவர் நொண்டுவதை நடந்து காட்டினேன். பிரிவே சிரித்தது. அவரும் சிரித்தார். அவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் அவர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. மகள் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அவளைத் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கொயந்த ஏதோ தெரியாம எட்த்துகினு வந்துட்ச்சு. வெளிய தெரிஞ்சா பேஜாராயிடும். இந்த வேல இருக்கசொல்லதான் அத இங்கிலீஷ் ஸ்கூல்ல வெச்சினுகீறேன். நீ நம்ம ஆளு. யாராண்டயும் சொல்லிடாத சார்."

"என் வாயா? பூட்டு வாத்யாரே" என்றேன். பூட்டுவது மாதிரி கையால் செய்துகாட்டி, சாவியைத் தூக்கிச் சாக்கடையில் எறிவது மாதிரியும் செய்தேன். அதற்கும் சிரித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பதினோரு மணி டீக்கு கேண்டீனில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். யாரோ, "இன்னாப்பா, டியூஷன் வாத்தியாராமே நீ இப்போ?" என்று எடுத்துக்கொடுத்தான். அவ்வளவு போதும் எனக்கு. ஹெல்மெட் கதையைச் சொன்னேன், பிஸ்கட் பாக்கெட்டைச் சொன்னேன், சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. ஏறுகிற சிரிப்பை நடுவில் விட்டுவிட்டு வர என்னால் முடியாது, அது ஒரு வியாதி. பெயர் சொல்லாமல் சொன்னால் தப்பில்லை என்று எனக்குள்ளேயே ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். "நம்ம ஃபெட்லிங்லயே ஒருத்தர்" என்று ஆரம்பித்து, மூக்கை உறிஞ்சி, "இது கம்பெனிப் பேரு, ஊட்ல எங்க நைனாவுக்கு வேற பேரு" என்று அந்தக் குழந்தையாகவே பேசினேன்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், வருகைக் கணக்கும் கேட் பாஸும் பார்க்கிற டைம் ஆபீஸின் மேனேஜர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத புது ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர் சார் நீங்க" என்று என் முதுகில் தட்டினார். அன்றைக்கு முழுக்க முதுகு இனித்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கு கேட்டில் இரண்டு வரிசை. பச்சை பாஸ் வரிசை எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் வரிசை நின்றது. செக்யூரிட்டி ஒவ்வொரு பாஸையும் திருப்பி, பின்னால் அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா பேரு இன்னா? எந்த ஊரு?"

வரிசையில் மூன்றாவதாக அவர். கையில் டிபன் கேரியர். அந்தப் பழைய ஆளின் அப்பா பெயரை அவர் எங்கே கண்டார்? முழித்தார்.

"செரி, அத்த வுடு. உன் பேரு இன்னா? அதாவது தெரியுமா?"

மூன்று வருஷம் அந்த கேட்டில் ஒரு பெயருக்கு 'ஆமா' சொன்ன மனுஷன். அதைச் சொன்னால் பொய். சொந்தப் பெயரைச் சொன்னால் பாஸ் பொய். பச்சை வரிசையில் என்னைப் பார்த்தார். சாடையாகக்கூட ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் என் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். 'உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம்' என்று நினைத்தேனாம். கேட்டிலேயே நின்று பேசினால் எந்தச் சட்டம் தடுத்திருக்கும்?

அரை மணி நேரத்தில் காண்ட்ராக்டர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் அப்போதுதான் வைத்த விபூதி. ஆயுதபூஜைக்கு ஃபெட்லிங் ஆட்களுக்கெல்லாம் தன் கையாலேயே ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, 'எல்லாம் என் புள்ளைங்க மாரி' என்று மைக்கில் பேசியவர். டைம் ஆபீஸ் வாசலில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் காது கேட்கச் சொன்னார்:

"யாரு சார் இவன்? எனக்கு இவனத் தெரியவே தெரியாது. எங்க ஆளு பாஸ திருடிக்கினு உள்ள பூந்திருக்கான். நீங்க போலீஸ்ல குடுங்க சார், நானே கையெழுத்து போடறேன்."

"அண்ணே, நீதானண்ணே குடுத்த..." என்று அவர் ஆரம்பித்தார்.

"எவன்டா உனக்கு அண்ணன்?"

அன்றைக்கு நானே போய் அவர் நெற்றியிலிருந்து அந்த விபூதியை அழித்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று சாக்பீஸை உடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஃபெட்லிங்கில், இதே மாதிரி அடுத்தவர் பாஸில் வருகிற இன்னும் ஆறு பேர் வரவில்லை. ஆறு பேருக்கும் ஒரே காலையில் காய்ச்சல். போன் போட்டு அவர்களை டீக்கடையிலிருந்தே யார் திருப்பி அனுப்பினார்கள் என்பது ஊருக்கே தெரியும். கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

மத்தியானம் நான் டைம் ஆபீஸுக்குப் போனேன். அது வரைக்கும் போனேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"சார், அந்த ஆளு திருடல. பாஸக் குடுத்ததே காண்ட்ராக்டர்தான். இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது சார். ஆனா எனக்குத் தோணுறத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க எழுதிக் குடுங்க. எந்த காண்ட்ராக்டர், எந்த ஆளு, எத்தன வருஷமா. பேரோட எழுதுங்க. நாளைக்கே என்கொயரி வெச்சு அந்த ஆள அவர் சொந்தப் பேர்லயே எடுத்துக்கச் சொல்றேன். அட்டெண்டன்ஸ்ல மூணு வருஷமா கையெழுத்து உங்களுதுதானே? உங்கள விட்டா வேற சாட்சி இல்ல."

கடைசி வாக்கியம்தான் என் காதில் நின்றது. மூன்று வருஷம், ஷிப்டுக்கு ஷிப்ட், இல்லாத ஓர் ஆள் வந்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அதை நானே எழுதிக் கொடுத்தால் அவருக்கு வேலை கிடைக்கலாம், எனக்கு மெமோ கிடைக்கும். மெமோவோடு நிற்குமா என்பதும் தெரியாது.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திருவள்ளூருக்குப் போன் போட்டேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எழுதினா உங்களயும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

அந்தப் பக்கம் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. "நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுதினேன். நாலு தடவை கிழித்துப்போட்டு எழுதினேன். ஐந்தாவது இப்படி வந்தது: 'நமது நிறுவனத்தில் சில பிரிவுகளில், சில ஒப்பந்ததாரர்கள், சில சமயங்களில், ஒரு தொழிலாளரின் அனுமதி அட்டையை வேறு தொழிலாளருக்கு வழங்குவதாகக் கேள்விப்படுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.' கீழே முழுப்பெயர்கூடப் போடவில்லை, ஒரு சுழி. நல்ல தமிழ். இலக்கணப் பிழை கிடையாது. ஒரு வாரமாகப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருத்தருக்கே உரிய பெயர் எது என்று தொண்டை கிழிய நடத்திய ஆள் எழுதிய கடிதம். அதில் ஒரே ஒரு மனுஷன் கிடையாது.

மறுநாள் மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதுல யாருமே இல்லியே சார்."

"கொஞ்சம் மரியாதையா எழுதலாம்னு..."

"மரியாதை எல்லாம் வேணாம். பேரு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் குடுங்க. அதுக்கப்புறம் விஷயம் என் கையில இருக்காது."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் எழுதலாம் என்று இருந்தேன். சாயங்காலத்துக்குள் எழுதலாம் என்று இருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்று நாளும் அந்தத் தாள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. குத்தட்டும் என்று விட்டேன்.

இப்போதுகூட நீ ஒரு பெயரும் எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு காண்ட்ராக்டரே அந்தப் பெண்ணின் அப்பாவை டைம் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். போலீஸுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'நான் மற்றொருவரின் அனுமதி அட்டையை அவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் தெரியாமல் எடுத்து நிறுவனத்தை ஏமாற்றி உள்ளே வந்தேன். எனக்கு நிறுவனத்தின் மீதோ ஒப்பந்ததாரர் மீதோ எந்தக் கோரிக்கையும் இல்லை.' என்ன அழகாக எழுதியிருந்தார்கள்! அவர்களுக்குத் தேவையென்றால் ஒன்றுகூட விடாமல் எல்லாம் எழுத வருகிறது. ஊர், தெரு, அப்பா பெயர், வயது, எல்லாம் இருந்தது. அவர் சொந்தப் பெயரும் இருந்தது, தப்பில்லாமல். மூன்று வருஷம் அந்தக் கம்பெனியின் இரும்பைத் தேய்த்து, அந்தத் தூசியைத் தின்று, அந்தச் சூட்டில் காலைப் பொசுக்கிக்கொண்டவரின் பெயர் அந்தக் கம்பெனிக் காகிதத்தில் ஏறியது அன்றைக்கு ஒரு நாள்தான். திருடன் என்பதற்காக ஏறியது.

அடுத்த வாரமே ஆறு பேருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆறு பேருக்கும் புது போட்டோ ஒட்டிய புது மஞ்சள் பாஸ். அவற்றிலும் பழைய பெயர்கள்தான். காண்ட்ராக்டருக்கு ஒரு கேடும் வரவில்லை. அந்த வருஷ ஆயுதபூஜைக்கும் அவரே மைக் பிடித்தார். அதற்கப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். ஆமாம், போனேன்.

அந்தப் பெண் டியூஷனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மனைவி திரும்பி வந்ததும் அவளுடைய நோட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "நீங்களே போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். எடுத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். தன்னால்தான் அப்பாவுக்கு வேலை போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தைத்தான் நான் கேண்டீனில் காசில்லாமல் விற்றேன்.

"அவுரு இல்லியாம்மா?"

"காட்டுப்பள்ளி பக்கம் இன்னாவோ கட்றாங்களாம். ஆளு எடுக்கறாங்கன்னு போயிகீறாரு. அங்கயும் யாரு பாஸோ, யாரு பேரோ."

"பாப்பாவ டியூஷனுக்கு அனுப்புங்கம்மா."

"அது இப்ப கவர்மெண்டு ஸ்கூலுக்குப் போவுது. அங்க டியூஷன் தேவயில்ல."

நோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் நிரம்பியிருந்த குடத்தின் மேல் வைத்தார். அதோடு நான் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் நல்லவன் என்று ஒருத்தராவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

"நான் டைம் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேம்மா. அவுருக்காக."

குழாயை மூடினார். "இன்னா எழுதன?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடமாக இருந்தது.

"அதுல எங்க ஊட்டுக்காரரு பேரு கீதா?"

"இல்லம்மா."

"அந்த காண்ட்ராக்டரு பேரு?"

"இல்ல..."

"உன் பேரு?"

"கீழ சுழிச்சிருந்தேன்."

அந்தக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நோட்டு கீழே விழுந்து ஈரத்தில் கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"கேண்டீன்ல நீ சொன்னத அவுரு அப்பவே மன்னிச்சிட்டாரு. வாயி நீளம், மனசு நல்ல மனசுன்னு எங்கிட்டயே சொன்னாரு. நான் அப்டி சொல்ல மாட்டேன். நீ தமாசு ஆளே இல்ல சார், பயந்தாங்கொள்ளி. இனிமே இந்தப் பக்கம் வராத."